கிற்றாரில் ஒரு சுருதிப் பாடம்

எமது ஆலயத்தின் சனிக்கிழமை வகுப்புகளுக்குப் பிள்ளைகளைக் கூட்டிவரும் பெற்றோர் சிலர் ஒரு விடயத்தைக் கொஞ்சம் கூச்சத்துடன்தான் சொல்வார்கள். “பிள்ளை வயலினை விட்டிட்டா. இப்ப பள்ளிக்கூடத்தில கிற்றார் பழகிறா.” சொல்லிவிட்டு, ஏதோ பிழை செய்துவிட்டவர்போல எமது முகத்தைப் பார்ப்பார்கள். பார்க்கத் தேவையில்லை. எமது வீட்டிலும் இதுவே நடந்தது.

நாம் இசையாசிரியர் அல்லோம், தொழிலாற் கணக்காளர். ஆனால் கிற்றாரின் ஆறு தந்திகளையும் வேறுவிதமாகக் கூட்டி வைத்தால் அது எங்கள் சுருதிக்கு எவ்வளவு கிட்ட வந்துவிடுகிறது என்பதைக் கடந்த ஒன்றரை ஆண்டாக வீட்டில் இருந்து கண்டுகொண்டோம். கிற்றார் உள்ள வீடுகளுக்கு இது பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதுகிறோம். பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிப்பது கடினமாக இருந்தால் பெற்றோர் பக்கத்தில் இருந்து வாசித்துச் சொல்லவும். எண்கள் எல்லோருக்கும் பொதுமொழிதானே.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். எமது மகளுக்கு வயது பதின்மூன்று. நான்கு ஆண்டு வயலின் பழகி, ஒருநாள் பெட்டியை மூடியவர் பிறகு திறக்கவில்லை. பள்ளியில் கிற்றார் தொடங்கினார். பழைய கிற்றார் ஒன்று வாங்கிக் கொடுத்தோம். வீட்டில் மாமியும் எம்முடன் இருக்கிறார். மாலையில் விளக்கேற்றியதும் இரண்டு மூன்று தேவாரம் பாடுவார். பேத்தியின் தமிழ் அரைகுறை, மாமியின் ஆங்கிலம் அதிலும் குறை. இருவருக்கும் இடையே “சாப்பிட்டியா”, “ஓம்” என்பதற்கு மேல் பேச்சு ஓடுவதில்லை. வெளிநாட்டில் எத்தனையோ வீடுகளில் இதே நிலைதான்.

ஒருநாள் மாலை மகள் தானாகவே கிற்றாரை எடுத்துக்கொண்டு வந்து, அம்மம்மாவின் தேவாரத்துக்குச் சேர்த்து வாசிக்கப் பார்த்தார். பள்ளியில் படித்த கோர்ட்டுகளைப் போட்டார். மாமி இரண்டு வரி பாடி நிறுத்தினார். “பிள்ளை, இது என்ர பாட்டுக்கு மேல ஏறி நிக்குது” என்றார். திட்டவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் மகள் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு மேல்மாடிக்குப் போய்விட்டார். இரண்டு கிழமை அந்தப் பக்கம் வரவில்லை. பிறகு எம்மிடம் வந்து, “அப்பா, ஏன் அம்மம்மாவின்ர பாட்டுக்கு இது பொருந்துதில்லை?” என்று கேட்டார். எமக்குப் பதில் தெரியவில்லை. அங்கேதான் இந்தப் பாடம் தொடங்குகிறது.

கிற்றாரின் வழக்கமான சுருதி, தடித்த ஆறாந் தந்தியிலிருந்து மெல்லிய முதலாந் தந்தி வரை, ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. பெரும்பாலும் ஒரு தந்திக்கும் அடுத்ததற்கும் இடையே ச–ம தூரம். மூன்றாவதற்கும் இரண்டாவதற்கும் இடையே மட்டும் ச–அந்தர காந்தார தூரம். கோர்ட் பிடிப்பதற்கு விரல்கள் எளிதாக விழவேண்டும் என்பதே இந்த ஒழுங்கின் பெரிய பலன். மேலைத்தேய இசைக்கு அது மிகவும் வசதி. ஆனால் எந்தத் தந்தியை ஆதார சட்சமாக எடுத்தாலும், ஆறு தந்தியையும் சும்மா மீட்டினால் சுருதி கேட்காது. தம்புராவை மீட்டினால் பாடகர் வாய் திறக்கலாம். வழக்கமான கிற்றாரை மீட்டினால் திறக்க முடியாது.

இரண்டாவது சிக்கல் இன்னும் முக்கியமானது. மேலைத்தேயக் கோர்ட் என்பது பெரும்பாலும் மூன்று சுரங்களின் கூட்டு: ச, க, ப. காந்தாரம் அந்தர காந்தாரமானால் மேஜர், சாதாரண காந்தாரமானால் மைனர். அதாவது கோர்ட் போட்டவுடனேயே காந்தாரம் இன்னது என்று தீர்ப்பு எழுதியாகிவிட்டது. அன்று மாமி பாடியது கௌசிகப் பண். இக்காலத்தில் அது பைரவி இராகத்தில் பாடப்படுகிறது. அதிற் சாதாரண காந்தாரம். மகள் போட்டது மேஜர் கோர்ட். அதில் அந்தர காந்தாரம். ஒரே நேரத்தில் இரண்டு காந்தாரம் அரைச்சுர இடைவெளியில் மோதினால் “மேல ஏறி நிக்குது” என்பதைவிட வேறு என்ன சொல்வது? மாமிக்கு மேஜரும் தெரியாது, மைனரும் தெரியாது. காது சரியாகச் சொல்லியிருக்கிறது.

இதே சிக்கலை வேறொரு இடத்தில் சந்தித்தவர் ஒருவர் இருந்தார். டேவி கிரகாம் என்ற ஆங்கிலேயக் கிற்றார்க் கலைஞர். 1940இல் பிறந்தவர். தந்தை ஸ்கொட்லாந்துக்காரர், தாய் கயானாவைச் சேர்ந்தவர். இலண்டன் நாட்டார் இசைக் கூடங்களில் வாசித்து வந்த அவர், 1960களின் தொடக்கத்தில் மொறொக்கோவுக்குப் போனார். அங்கே ஊத் என்ற வாத்தியம் வாசிப்போருடன் சேர்ந்து வாசிக்க விரும்பினார். அரபு இசையும் எங்கள் இசையைப்போல ஓர் ஆதார சுருதியைப் பற்றிக்கொண்டு ஒற்றை வரியில் நடப்பது, கோர்ட்டுகளின் மேல் நடப்பதல்ல. அதற்கேற்ப அவர் தமது தந்திகளை டி, ஏ, டி, ஜி, ஏ, டி என்று கூட்டினார். அந்த எழுத்துகளைச் சேர்த்து உச்சரித்து இன்றும் ‘டாட்காட்’ என்றே அம்முறையை அழைக்கிறார்கள். 1963இல் வெளியான ஐரிஷ் நாட்டார் பாடல் ஒன்றின் வாசிப்பில் இந்தச் சுருதியை அவர் பயன்படுத்தினார். கேட்டால் ஆலாபனைபோலவே தொடங்கும். 2008இல் காலமானார்.

அதன் பின் பலர் இதைக் கையாண்டார்கள். லெட் செப்லின் குழுவின் ஜிம்மி பேஜ் 1975இல் வெளிவந்த ‘காஷ்மீர்’ பாடலுக்கு இதையே வைத்தார். அல்ஜீரியாவின் ஓரான் நகரில் 1957இல் பிறந்து, சிறுவயதிலேயே குடும்பத்துடன் பிரான்சுக்கு வந்துவிட்ட பியர் பென்சுசான் என்பவர் 1970களின் பிற்பகுதியிலிருந்து இந்த ஒரு சுருதியிலேயே வாசித்து வருகிறார். ஐரிஷ், ஸ்கொட்டிஷ் நாட்டார் இசைக்காரர்களுக்கு இது இப்போது மிகப் பழகிய சுருதி. அவர்களுடைய பைப் வாத்தியத்திலும் ஆதார சுருதி ஓயாமல் ஒலிப்பதை அறிவீர்கள்.

இப்போது டி என்பதைச் சட்சமாக வைத்துப் பாருங்கள். டி, ஏ, டி, ஜி, ஏ, டி என்பது ச, ப, ச, ம, ப, ச. காந்தாரமே இல்லை! மேஜருமில்லை, மைனருமில்லை. எந்தக் காந்தாரம் வேண்டுமென்பதைப் பாடுபவர் முடிவு செய்யட்டும் என்று வாத்தியம் வாய்மூடி இருக்கிறது. இதைப் பேப்பரில் எழுதிப் பார்த்த அன்று எமக்கு நித்திரை வரவில்லை.

கூட்டும் முறை இதுதான். ஆறில் மூன்று தந்திகளை நாம் தொடுவதேயில்லை. ஐந்தாவது, நான்காவது, மூன்றாவது மூன்றும் இருந்தபடி இருக்கும். மற்ற மூன்றையும் இரண்டு மெட்டுத் தூரம், அதாவது ஒரு முழுச்சுரம், தளர்த்தவேண்டும்.

ஆறாந் தந்தியைத் தளர்த்திக்கொண்டே நான்காந் தந்தியுடன் சேர்த்து மீட்டுங்கள். இரண்டும் கீழ் ச, மேல் ச என்று ஒன்றாக இழையும் இடத்தில் நிறுத்துங்கள். முதலாந் தந்தியையும் அதே நான்காந் தந்தியுடன் சேர்த்து, அதற்கு ஒரு தாயி மேலே நிற்கும்படி தளர்த்துங்கள். இரண்டாந் தந்தியை ஐந்தாந் தந்தியுடன் சேர்த்து அவ்வாறே செய்யுங்கள். சரிபார்க்க: மூன்றாந் தந்தியின் இரண்டாம் மெட்டும் திறந்த இரண்டாந் தந்தியும் ஒரே சுரமாக ஒலிக்கவேண்டும். ரியூனர் இருந்தால் அதன் முள்ளைப் பார்த்தும் செய்யலாம். ஆனால் பிள்ளைக்குக் காது பழகவேண்டுமானால் முதலிற் காதால் கூட்டிவிட்டுப் பிறகு ரியூனரைப் பாருங்கள். கணக்கை முடித்துவிட்டுத்தான் வங்கிக் கூற்றுடன் ஒப்பிடவேண்டும். முன்னரே பார்த்து எழுதக்கூடாது.

ஒன்றை எச்சரிக்கையாகச் சொல்லவேண்டும். முதல் நாள் நாம் பிரடையை எதிர்ப்பக்கம் திருப்பிவிட்டோம். தந்தியின் இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கேற்ப ஏறும். ஒரு முழுச்சுரம் தளர்த்தினால் இழுவிசை ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு குறையும். வாத்தியத்துக்கு எந்த ஆபத்துமில்லை. ஒரு முழுச்சுரம் ஏற்றினாலோ நான்கிலொரு பங்குக்கு மேல் கூடும். முதலாந் தந்தி படாரென்று அறுந்து எமது புறங்கையில் கோடு போட்டது. மகள் சிரித்த சிரிப்பு அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும். ஆகவே பிரடையைத் திருப்பும்போது தந்தியை மீட்டிக்கொண்டே திருப்புங்கள். ஒலி இறங்குகிறதா என்று கேளுங்கள். முகத்தைத் தள்ளி வையுங்கள்.

கூட்டிய பின் முதல் வேலை தம்புரா. தம்புராவின் நான்கு தந்திகள் மந்திர பஞ்சமம், மத்திய சட்சமம் இரண்டு, மந்திர சட்சமம் அல்லவா? கிற்றாரில் அதே வரிசை: ஐந்தாந் தந்தி, நான்காந் தந்தி, மறுபடி நான்காவது, ஆறாவது. பெருவிரலால் மெதுவாக, ஒன்று ஓயுமுன் அடுத்தது. ஒரு பிள்ளை பத்து நிமிடத்திற் பழகிவிடும். இரண்டு கிழமை எமது மகள் வேறெதுவும் செய்யாமல் இதை மட்டுமே செய்தார். பள்ளியில் படிக்கும் பாடல்களைவிட மிக எளிது. ஆனால் ஒரே வேகத்தில் ஐந்து நிமிடம் நிறுத்தாமல் மீட்டிப் பாருங்கள், எவ்வளவு பொறுமை வேண்டுமென்று தெரியும்.

இரண்டாவது சரளி வரிசை. இங்கேதான் இந்தச் சுருதியின் அழகு இருக்கிறது. கிற்றாரில் ஒரு தாயிக்குப் பன்னிரண்டு மெட்டு. எங்கள் பன்னிரண்டு சுரத்தானங்களும் அவற்றில் வரிசையாக இருக்கின்றன. நான்காந் தந்தியைத் திறந்து மீட்டினால் ச. முதலாம் மெட்டு சுத்த ரிஷபம், இரண்டாவது சதுச்ருதி ரிஷபம், மூன்றாவது சாதாரண காந்தாரம், நான்காவது அந்தர காந்தாரம். ஐந்தாவது சுத்த மத்திமம். ஆனால் அது மூன்றாந் தந்தியைத் திறந்து மீட்டினாலே வந்துவிடும். இரண்டாந் தந்தியைத் திறந்தால் ப. அதில் முதலாம் மெட்டு சுத்த தைவதம், இரண்டாவது சதுச்ருதி தைவதம், மூன்றாவது கைசிகி நிஷாதம், நான்காவது காகலி நிஷாதம். முதலாந் தந்தியைத் திறந்தால் மேல் ச.

ஆகவே மாயாமாளவகௌளை என்பது நான்காந் தந்தியில் 0, 1, 4, மூன்றாவதில் 0, இரண்டாவதில் 0, 1, 4, முதலாவதில் 0. இந்த இராகத்தின் கீழ்ப்பாதியும் மேற்பாதியும் ஒரே அமைப்பு என்று வாய்ப்பாடாகக் கேட்டிருப்போம். கிற்றாரில் விரலே அதைக் காண்கிறது. சங்கராபரணம், அதாவது பழம்பஞ்சுரப் பண் இன்று பாடப்படும் இராகம், 0, 2, 4, 0, 0, 2, 4, 0. கரகரப்பிரியா 0, 2, 3; 0; 0, 2, 3; 0. அரிகாம்போதிக்குக் கீழே 0, 2, 4, மேலே 0, 2, 3. மாமியின் பைரவிக்குக் கீழே 0, 2, 3. மேலே தைவதம் ஏறும்போது இரண்டாம் மெட்டும் இறங்கும்போது முதலாம் மெட்டும். நான்கு ஆண்டு வயலினில் மேளகர்த்தா என்றால் என்னவென்று பிடிபடாத மகளுக்கு, இந்த எண்களை ஒரு கட்டத்தாளில் எழுதிய பிறகு ஒரு மாலையில் பிடிபட்டது. வயலினைக் குறை சொல்லவில்லை. மெட்டு இல்லாத வாத்தியத்தில் சுரத்தைக் காதுதான் காணும். மெட்டுள்ளதில் கண்ணும் காணலாம்.

மோகனத்துக்கு நான்காவதில் 0, 2, 4, இரண்டாவதில் 0, 2, பின் மேல் ச. ஆனால் மோகனத்தில் மத்திமம் இல்லை. திறந்த மூன்றாந் தந்தி தவறிப் பட்டால் இராகம் கெடும். அதற்கு ஒரு வழி உண்டு: மூன்றாந் தந்தியை அரைச்சுரம் தளர்த்தினால் அது அந்தர காந்தாரமாகிவிடும். ச, ப, ச, க, ப, ச. மேலைத்தேயத்தார் இதனை ‘ஓப்பன் டி’ என்பர். மோகனம், அம்சத்வனி, கல்யாணி ஆகியவற்றுக்கு இது நன்றாக இருக்கும். பஞ்சமமே இல்லாத இந்தோளம் போன்றவற்றை இந்த முறையில் தொடக்கத்தில் தவிர்ப்பது நல்லது. அவற்றுக்குத் தம்புராவிலேயே பஞ்சமத்தை விட்டு மத்திமம் கூட்டுவார்கள்.

சுருதி உயரம் பற்றி. டி என்பது இரண்டு கட்டை. ஆண்களுக்குப் பெரும்பாலும் ஏற்கும். பெண்களும் பிள்ளைகளும் ஐந்து, ஐந்தரைக் கட்டையில் பாடுவார்கள். இதற்காகத் தந்திகளை ஏற்றவேண்டாம், புறங்கையைக் காப்பாற்றுங்கள். கேப்போ என்றொரு சிறு கவ்வி சில பவுணுக்குக் கிடைக்கும். அதை ஐந்தாம் மெட்டில் பூட்டினால் ஐந்து கட்டை, ஆறாம் மெட்டில் ஐந்தரை. மாமியின் குரல் வயதினால் இறங்கி நாலு கட்டையில் நிற்கிறது. அவருக்கு மூன்றாம் மெட்டு. கேப்போவிலிருந்து எண்ணினால் மேலே சொன்ன எண்கள் எதுவும் மாறாது.

குறைகளையும் சொல்லாமல் விடக்கூடாது. கிற்றாரின் மெட்டுகள் பன்னிரண்டு சமபங்காகப் பிரிக்கப்பட்டவை. ஓர் அரைச்சுரத்தை நூறு பங்காக்கினால், பஞ்சமம் இயற்கையான இடத்திலிருந்து இரண்டு பங்குதான் விலகி நிற்கும், காதுக்குத் தெரியாது. அந்தர காந்தாரமோ பதினான்கு பங்கு கூட நிற்கும். தேர்ந்த காது முகம் சுளிக்கும். அடுத்தது கமகம். வீணையில் தந்தியை மெட்டின்மேல் இழுத்துச் சில சுரங்கள் மேலே போகலாம். கிற்றாரில் உருக்குத் தந்தியானால் கொஞ்சம் இழுக்கலாம், நைலோன் தந்தியில் அதுவும் இல்லை. ஆகவே இது சுருதிக்கும் சுரம் கற்கவும் துணையேயன்றிக் கச்சேரிக்கு அல்ல. சுகுமார் பிரசாத் போன்றோர் கிற்றாரில் கர்நாடக இசையை மேடையேற்றினார்கள் என்றால் அது வேறு உழைப்பு.

எமது மகள் நவராத்திரி சிறுவர் நிகழ்ச்சியில் அம்மம்மாவுடன் சேர்ந்து வாசிக்க அனுமதி கேட்டபோது, பெரியவர் ஒருவர் சம்மதிக்கவில்லை. “கோயிலுக்குள்ள கிற்றாரா?” என்றார். நாம் வயலினின் கதையைச் சொன்னோம். ஐரோப்பாவிலிருந்து வந்த வயலினைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தவர் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர். ஜி, டி, ஏ, ஈ என்று இருந்த அதன் நான்கு தந்திகளும் எங்களிடம் ச, ப, ச, ப ஆயின. அதுவும் மாற்றுச் சுருதிதான். கிளாரினெற்றை ஏ.கே.சி. நடராஜனும், மண்டலினை உ. ஸ்ரீநிவாசும், சாக்சபோனைக் கத்ரி கோபால்நாத்தும் கொண்டுவந்தார்கள் என்றும் சொன்னோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “தம்பி, அவையள் எல்லாரும் எங்கட சங்கீதத்தை வாசிச்சவை. பிள்ளையள் கோர்ட் போட்டால் பண் செத்துப்போகும்” என்றார். வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தோம். அவர் சொன்னதும் மாமி சொன்னதும் ஒன்றுதான். அடுத்த சனிக்கிழமை கிற்றாரைக் கொண்டுபோய், கோர்ட் எதுவும் இல்லாமல் ஐந்து, நான்கு, நான்கு, ஆறு என்று மகளை மீட்டச் செய்தோம். கண்ணை மூடிக் கேட்டார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நிகழ்ச்சி நிரலில் பெயர் வந்தது.

அன்று மண்டபத்தில் வெப்பம் அதிகம். சூட்டில் உருக்குத் தந்தி நீண்டு சுருதி இறங்கும் என்பதை நாம் நினைக்கவில்லை. இரண்டாவது தேவாரத்தின் நடுவில் ஆறாந் தந்தி விலகிவிட்டது. மகள் எம்மைப் பார்த்தார். நாம் என்ன செய்வது? மாமி பாட்டை நிறுத்தி, “அவசரமில்லைப் பிள்ளை, பாத்துக் கூட்டு” என்றார். சபை முழுவதும் காத்திருக்க, மகள் நான்காந் தந்தியையும் ஆறாந் தந்தியையும் மாறிமாறி மீட்டிச் சரிசெய்தார். மாமி தலையை ஆட்டினார். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். முடிந்து வெளியே வரும்போது அந்தப் பெரியவர் எம்மிடம், “தடிச்ச தந்தியைக் கொஞ்சம் மெதுவாத் தட்டச் சொல்லுங்கோ” என்று மட்டும் சொன்னார்.

எமது அண்ணரிடமும் ஊரில் ஒரு கிற்றார் இருந்தது. 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளிக்கிட்ட இரவில் அதை அலுமாரிக்கு மேலேயே விட்டுவிட்டோம். அவர் சினிமாப் பாட்டுத்தான் வாசிப்பார். தேவாரத்துக்கு அதைக் கூட்டலாம் என்று அப்போது ஒருவருக்கும் தோன்றவில்லை.

இப்போது மாலையில் அரை மணித்தியாலம் இருவரும் ஒன்றாக இருக்கிறார்கள். பேசுவது அதிகமில்லை. “கூட்டு”, “இறக்கு”, “இன்னொருக்கா” என்ற சொற்கள் மகளிடம் வந்திருக்கின்றன. ஒருநாள் “அம்மம்மா, சுருதி விலகுது” என்று மகள் சொல்ல, மாமி எமது துணைவியாரைக் கூப்பிட்டு அதைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

கடைசியாக ஒரு நடைமுறைக் குறிப்பு. பள்ளி வகுப்புக்கு முதல்நாள் மாலை கிற்றாரை வழக்கமான சுருதிக்குத் திருப்ப மறக்கவேண்டாம். ஏற்றும்போது முதலாந் தந்தியை மிக மெதுவாக, கடைசியாக ஏற்றவும். இப்படி ஏற்றி இறக்கினால் தந்தி வழமையைவிட விரைவில் களைத்துவிடும். மெல்லிய முதலாந் தந்தி இரண்டு எப்போதும் பெட்டிக்குள் மேலதிகமாக இருக்கட்டும். எமது அனுபவத்தில் அது ஞாயிற்றுக்கிழமை இரவிற்தான் அறும்.